நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி

முன்னறையில் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தபோது ஜூடித் பின்கட்டுக் குழாயடியில் ஆட்டுப் போட்டி கழுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். வரும் வழியில் கறிக்கடையில் வாங்கியது. காக்ஸ் டவுனில் காலையிலிருந்து மழை பெய்யவுமில்லை, விடவுமில்லை. தூறல் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈர்க்குச்சியைக் குடலுக்குள் விட்டு உள்பக்கத்தை வெளியே திருப்பி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுக் கசக்கி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். எட்டு அலசல் ஆகும். அவசரப்படுத்த முடியாத வேலை.

முதலில் அது என்ன சத்தமென்றே அவளுக்குப் பிடிபடவில்லை. தொட்டித் தண்ணீருக்குள் தலையை விட்டு யாரோ கொப்பளிப்பது போலிருந்தது. அடுத்த தடவை, பெண் குரல் என்று தெரிந்தது. அதற்கடுத்த தடவை மூக்கை உறிஞ்சுவது தனியாகக் கேட்டது. ஏதோ படத்திலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள்.

அவள் கணவன் ராஜேந்திரன் தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன்னறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, 'கன்டோன்மென்ட் குரல்' என்று போர்டு எழுதிவைத்திருந்தார். இன்டர்நெட் ரேடியோ. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் ஒலிபரப்பு. வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தோஹாவிலும் மஸ்கட்டிலும் வேலை செய்கிற இந்தப் பக்கத்து ஆண்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தங்கள் வீட்டுப் பெண்களின் குரலைக் கேட்பார்கள் என்பது அவர் திட்டம். இருபத்து மூன்று குடும்பங்கள் வந்து மைக்கில் பேசிவிட்டுப் போயிருந்தன. வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் லைன் வழியாக அமெரிக்காவிலுள்ள ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் போகும். குரலைச் சுருக்கி அந்த ஒல்லி லைனுக்குள் நுழைக்கிற மென்பொருள் எது என்பது மட்டும் முடிவாகவில்லை.

அதை முடிவு பண்ணத்தான் ஹரிஷ்குமார் வந்திருந்தான். ஈரோட்டுப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் மாடி ரூம். சம்பளமில்லாமல் இதற்காக மூன்று மாதமாக உழைக்கிறான். ஜூடித்துக்கு அவன்மேல் பிரியம் உண்டு. பாதிப் போட்டி அவனுக்குத்தான்.

"இந்த டூல்ல எட்டு கே-க்குச் சுருக்கினா பேச்சு நல்லா இருக்குதுங்க அங்கிள். பாட்டு போட்டா ஆடு கத்தற மாதிரி வரும்," என்றது அவன் குரல்.

"பாட்டு இல்லாத ரேடியோவா? நம்ம ஜனம் செருப்பால அடிக்கும்."

"இன்னொண்ணு கம்பெனிக்காரன் குடுக்கறது. சவுண்ட் அருமை. ஆனா கேக்கறவன் அவனோட ப்ளேயர எறக்கிப் போடணும். அங்கத்த பிரவுசிங் சென்டர்ல அதெல்லாம் போட உட மாட்டாங்க."

"அப்ப எம்.பி.3."

"எம்.பி.3தான். எதுலயும் பாடும். ஆனா அதுலயே ஆளுக்கொண்ணு எழுதி வெச்சிருக்கான். இருபத்திநாலு கே-ல எவனுது தாங்குதுன்னு பாக்கோணும். அதுக்கு மேல நம்ம ஃபோன் லைன் தாங்காது."

"போடு, கேப்போம். சும்னே பேசிக்கிட்டு இருந்தா ஆவுமா?"

ஆறாவது அலசலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகை ஆரம்பித்தது. இந்த முறை தண்ணீருக்குள்ளிருந்து வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மூச்சு. ஒரு தேம்பல். பிறகு, வெகு தெளிவாக, "டீச்சர்" என்றது.

ஜூடித்தின் கை குடலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அது ரூபினி.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள் ரூபினி. பின் சந்தில் இரண்டு ரூம் வீடு, கார்மென்ட்ஸில் தையல். அவள் பையன் விக்கி ஜூடித்திடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். புருஷன் நரேஷ் தோஹாவில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் போன் கிடையாது. அவன் கூப்பிட்டால் ஜூடித் வீட்டுக்குத்தான் கூப்பிடுவான். மூன்று நிமிஷம் பேசுவதற்கு எழுதிவந்த காகிதத்தோடு மைக் முன்னால் உட்கார்ந்தவள், அதைப் பிரிக்கவேயில்லை. ராஜேந்திரன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஜூடித்.

"டீச்சர், மூத்தாரு ராவுல கதவு தட்றாரு," என்றாள்.

மூத்தார் என்றால் நரேஷின் அண்ணன் கோவிந்தப்பா. வீடு அவர் பெயரில். தெருவில் மரியாதைப்பட்ட ஆள், பிள்ளையார் கமிட்டியில் இருக்கிறார்.

"துணி காயப்போட மாடிக்குப் போனா பின்னாடியே வராரு. அன்னிக்குக் கை வெச்சாரு. விக்கி பாத்துட்டான் டீச்சர். பெரியப்பா ஏன் உன்ன அடிக்கிறாருன்னு கேக்கறான்." அதற்குமேல் பேச்சில்லை, அழுகைதான். கடைசியில், "எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஒண்ணு வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவாரு, இல்ல என்னியத்தான் கேப்பாரு. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல. அதான் சொல்லல. நீங்களும் யாருக்கும் சொல்லாதீங்க," என்றாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தைப் பிரித்து, எல்லோரும் நலம் என்று படித்துவிட்டுப் போனாள்.

ஜூடித் கையைக் கழுவாமல் முன்னறைக்குப் போனாள். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறத்தில் அழுகை மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டு பக்கத்தில் டீ, பிளேட்டில் பிஸ்கட். ஹரிஷ் ஒரு பிஸ்கட்டை நனைத்து வாயில் போட்டுக்கொண்டே ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"இங்க பாருங்க அங்கிள். 'கை வெச்சாரு'ங்கறதுல அந்த 'ச்சா' வருதில்ல? இதுலதான் மத்ததெல்லாம் வழுக்குச்சு. இவன் புடிச்சிட்டான்."

"மறுபடி போடு," என்றார் ராஜேந்திரன்.

"நிறுத்து ஹரிஷ்," என்றாள்.

அவன் நிறுத்தினான். ராஜேந்திரன் நாற்காலியைத் திருப்பி, "இன்னா ஜூடி, கை எல்லாம் வழியுது பாரு," என்றார்.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"எப்படின்னா? உனக்குத் தெரியாதா? நாற்காலி இழுக்கற சத்தத்துலயே நான் ரெக்கார்ட ஓட்டிடுவேன்ல. செவப்பு லைட்ட பாத்தா நம்ம பொம்பளைங்க பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒப்பிக்கற மாதிரி ஆயிடறாங்க. அதுக்கு முன்னாடி பேசறதுதான் பேச்சு."

"அவ என்ன சொல்றான்னு காதுல விழலையா?"

"விழுந்துச்சு. பாவம்தான். நாம என்ன பண்ண முடியும்? இத வெளிய போடப் போறமா? சும்மா டெஸ்ட்டு."

ஹரிஷ் எழுந்து நின்றுவிட்டான். "ஆன்ட்டி, சத்தியமா எனக்கு வார்த்தையே பதியலீங்க. அழுகையில ஹை இருக்குது, லோ இருக்குது, மூச்சு இருக்குது, நடுவுல சைலன்ஸ் இருக்குது. சாம்பிள்னா இத உட நல்லது கெடைக்காதுங்க. நான் சவுண்ட மட்டும்தான் பாத்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் மோசம். பொய்யாக இருந்தால் திட்டிவிடலாம். வாய் ஓரத்தில் பிஸ்கட் தூளோடு நிற்கிற இந்த நல்ல பிள்ளை, ஒருத்தியின் அவமானத்தை இருபது தடவை கேட்டும் அதில் 'ச்சா' மட்டும் கேட்டிருக்கிறான்.

"அழிங்க," என்றாள். "என் கண்ணு முன்னாடி."

ராஜேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே அழித்தார். குப்பைக் கூடையின் படத்தையும் காலி பண்ணிக் காட்டினார். "திருப்தியா? எந்த டூலுன்னு முடிவாயிடுச்சு, இனிமே அது எதுக்கு?"

அவள் திரும்பி வந்து மிச்ச அலசலை முடித்தாள். வெங்காயம் வதக்கினாள், இஞ்சி பூண்டு அரைத்தாள், குக்கர் மூடினாள். இரண்டு பேரும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். போட்டியில் ஒரு துண்டு கடிபடாமல் வாய்க்குள்ளேயே கிடந்து, அவள் எழுந்துபோய்த் துப்பினாள்.

'உனக்குத் தெரியாதா?' என்று ராஜேந்திரன் கேட்டது அவளை விடவில்லை. தெரியும். ரெக்கார்டு எப்போது ஆரம்பிக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மைக்கில் பேச வந்த கொர்னேலியாள் வீட்டு மருமகள் உட்கார்ந்து மாமியாரைத் திட்ட ஆரம்பித்தபோது, 'கம்னு இரும்மா, ஓடுது' என்று விரலை உயர்த்திக் காட்டியவள் அவள்தான். ரூபினி, 'மூத்தாரு' என்றபோது விரல் ஏன் எழவில்லை? மறந்துபோயிற்று என்று தனக்குச் சொல்லிப் பார்த்தாள். மறக்கவில்லை. விரலைத் தூக்கினால் ரூபினி நிறுத்திவிடுவாள். நிறுத்தாமல் சொல்லட்டும் என்று இருந்தது. அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது. இரக்கம்தான் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அதன் அடியில் கிடந்தது வேறு. அதை நேராகப் பார்த்ததும் ராஜேந்திரனைக் கண்டு வந்த அருவருப்பு அப்படியே தன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. ரூபினியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அழித்தாயிற்றே, எதற்குச் சொல்லி அவளைக் கலைப்பது என்றும் தோன்றியது. இரண்டாவது எளிதாக இருந்ததால் அதையே செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஹரிஷ் அரை நாள் லீவு போட்டு வந்தான். ராஜேந்திரன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டார், யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும். ஆறு மணிக்கு மோடம் கிறீச்சிட்டு லைனைப் பிடித்தது. "வணக்கம், நேயர்களே," என்றார். எழுபது பேர் கேட்கிறார்கள் என்று திரை காட்டியது. ஹரிஷ் அவர் கையைக் குலுக்கினான். முதல் பாட்டு முடிந்து, மஸ்கட்டிலுள்ள ஒரு டிரைவருக்கு அவன் அம்மா பேசிக்கொண்டிருந்தபோது, மழை வலுத்துக் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பத்து நிமிஷம் கூவிவிட்டு ஓய்ந்தது. லைன் அறுந்தது.

"போச்சு," என்றார் ராஜேந்திரன். "ஆகஸ்ட் மாசத்துல இந்த ஊர்ல ரேடியோ நடத்தறவன் மடையன். டீயாவது போடு ஜூடி."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டீ குடித்தார்கள். வெளியே சந்துச் சாக்கடை நிரம்பி ஓடும் சத்தம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். மோடம் விட்டுவிட்டதால் காலியாகக் கிடந்த டெலிபோன் மணியடித்தது. ஜூடித் எடுத்தாள்.

"டீச்சர், நரேஷ் பேசறேன். அது ரூபியா?"

"எது நரேஷ்?"

"ரேடியோல அழுவுறது. முடியுது, மறுபடி மொதல்லருந்து அழுவுது. இங்க எல்லாரும் நாடகம்னு சொல்றானுங்க. எனக்கு அவ கொரலு தெரியாதா டீச்சர்? அவள கூப்டுங்க. பத்து நிமிஷத்துல மறுபடி போடறேன்."

வைத்துவிட்டான். ஜூடித் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, அவன் சொன்னதைச் சொன்னாள். ராஜேந்திரன் டீக் குவளையோடு ஹரிஷைப் பார்த்தார்.

ஹரிஷின் முகம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுருங்கியது. "லைன் கட்டானா சர்வர் சும்மா இருக்கக் கூடாதுன்னு ஒரு ஃபைல் போட்டு வெக்கோணுங்க. ஒலிபரப்பு எந்த டூல்ல, எத்தன கே-ல போகுதோ அச்சு அசலா அதே மாதிரி ஃபைல் வேணும், இல்லைன்னா கேக்கறவங்க ப்ளேயர் நின்னுரும். அந்த மாதிரி எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். சனிக்கிழம காலைலயே எல்லா டூல்லயும் சுருக்கி ஏத்தி வெச்சிருந்தேன். நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. அப்புறம் மாத்திக்கலாம்னு…"

"நான் அழிக்கச் சொன்னப்ப ஏன் சொல்லல?"

"இங்க இருக்கறதத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி. அது ஞாபகத்துலயே இல்லீங்க."

"இப்ப நிறுத்து."

"கரண்ட் வரோணும். வந்தா லைனப் புடிச்சு நிறுத்திடலாம்."

"மாஸ்க் ரோட்டுப் பிரவுசிங் சென்டருக்கு ஓடு. எங்கயாவது கரண்ட் இருக்கும். போ."

அவன் சட்டையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஓடினான். ராஜேந்திரன் மெதுவாகக் குவளையை வைத்தார். "ஜூடி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. அவனுங்களே நாடகம்னு சொல்றானுங்கல்ல. நாமளும் நாடகம்னே சொல்லிடுவோம். ரூபினி நடிச்சுக் குடுத்துச்சு, அவ்ளோதான். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அது கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் குடையை எடுத்துக்கொண்டு பின் சந்துக்குப் போனாள்.

ரூபினி வாசலில் புகுந்த மழைத் தண்ணீரை முறத்தால் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். விக்கி டியூஷனில். உள்ளே கோவிந்தப்பாவின் டிரான்சிஸ்டரில் கன்னடச் செய்தி. "நரேஷ் கூப்பிட்டாரு, வா," என்று வெளியே இழுத்து, சந்தின் பாதியில், குடைக்குள் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அதில் தன் பங்கையும் மறைக்காமல் சொன்னாள்.

ரூபினி நடப்பதை நிறுத்தினாள். "ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் டீச்சர் சொல்லல?"

ஜூடித் குடையை அவள் பக்கம் சாய்த்தாள். ரூபினி குடைக்கு வெளியே விலகி நடந்தாள். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது கரண்ட் வந்தது. தெருவே வெளிச்சமாயிற்று. டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, மோடத்துக்குப் பக்கத்தில் தவித்துக்கொண்டிருந்தார். "நரேஷ் அடிச்சிக்கிட்டே இருக்கான், எனக்கு லைன் கெடைக்க மாட்டேங்குது. போன ஹரிஷையும் இன்னும் காணோம். எடுக்காதம்மா, ரெண்டு நிமிஷம், முதல்ல அத நிறுத்திடறேன்."

ரூபினி எடுத்தாள். பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது அறைக்கே கேட்கும்.

"ரூபி, அங்க போயி எதுக்கு அதெல்லாம் சொன்ன?" என்றான் நரேஷ். "இங்க பதினாலு பேரு ஒக்காந்திருக்கான். பாதி நம்ம ஏரியாப் பசங்க. நாளைக்கு எம் மூஞ்சிய எங்க வெக்கறது?"

அவன் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ரூபினி அதைக் கேட்டாள். இருபத்து நான்கு கே-யில் சுருங்கி, கடல் தாண்டிப் போய், ஏதோ ஒரு ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, தன் புருஷனின் தோளுக்கு மேலாகத் தன்னிடமே வந்த தன் அழுகையை, அடுத்தவளுடையதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"லைன வைம்மா," என்றார் ராஜேந்திரன். "வெச்சாத்தான் நிறுத்த முடியும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எத்தினி தடவ கேட்ட?" என்று ரூபினி போனில் கேட்டாள்.

"எட்டு, ஒம்போது இருக்கும். அதான் சொல்றேன், மொதல்ல அத்த நிறுத்தச் சொல்லு. அண்ணன் காதுக்குப் போச்சுன்னா இன்னா ஆவும்?"

"அண்ணன் காதுக்கா?"

"வூடு அவரு பேர்ல இருக்குது ரூபி. யோசிக்க மாட்டியா?"

ரூபினி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நிறுத்த மாட்டேன். மறுபடி மொதல்லருந்து வரும்ல, கேளு. நான் லைன்லயே இருக்கேன். மாடில இன்னா நடந்துச்சுன்னு வர்ற எடத்துல, யாரு பண்ணாங்கன்னு நீ சொல்லு."

"பைத்தியமா உனக்கு?"

"கேளு."

ராஜேந்திரன் சுவரிலிருந்த டெலிபோன் செருகியை நோக்கி நகர்ந்தார். ஜூடித் அதன் முன்னால் போய் நின்றாள். "நவுரு ஜூடி. எழுபது பேரு கேட்டுக்கிட்டு இருக்கான். அந்தப் பொண்ணு மானம் போவுது."

"இப்ப ஞாபகம் வந்துச்சா," என்றாள். அவள் நகரவில்லை.

அழுகை முடிந்து மறுபடி தொடங்கியது. நாற்காலி இழுபடும் சத்தம்கூட ரிசீவரில் வந்தது. மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். டீச்சர், என்றது அது. கதவு தட்டுவது வந்தது. மாடி வந்தது. ஈரோட்டுப் பையன் தேர்ந்தெடுத்த டூல் நல்ல டூல்தான். ஒரு எழுத்துகூட வழுக்கவில்லை.

"வந்துச்சா?" என்றாள் ரூபினி.

"ம்."

"யாரு? சொல்லு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"சத்தமா சொல்லு. பதினாலு பேரு இருக்காங்கல்ல."

கடகடவென்று ஏதோ உரசியது. பிறகு வெற்று ஒலி நீளமாக வந்தது. ரூபினி அதையும் சிறிது நேரம் காதில் வைத்திருந்துவிட்டு ரிசீவரை அதன் இடத்தில் பொருத்தமாக வைத்தாள். எழுந்தாள்.

"சொல்லல," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு ராஜேந்திரனிடம், "லைன் காலி சார். எடுத்துக்கங்க."

அவர் பாய்ந்துபோய் உட்கார்ந்தார். மோடம் கிறீச்சிட்டது. ஜூடித் வாசலுக்கு ஓடினாள். "எங்க போற ரூபி?"

"விக்கிய டியூஷன்லருந்து கூட்டியாரணும்."

"நானும் வரேன். அப்புறம் ரெண்டு பேரும் இங்கயே…"

"நீங்க எதுக்கு டீச்சர்?" ரூபினி புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். "இன்னும் கேக்கறதுக்கா?"

மழையில் இறங்கி நடந்தாள். ஜூடித் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே, முட்டை அட்டை ஒட்டிய அறையில் ராஜேந்திரன் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பிறகு, கண்ணாடி முன் நின்று பழகிய அந்தக் கனிந்த குரலில், "தடங்கலுக்கு வருந்துகிறோம், நேயர்களே," என்றார்.